நரம்பைக் கேட்ட பண்டிதர்

வருசநாட்டு மலைகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கீழ்ச்சரிவில் வைகை பிறந்து, வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் ஊர்களை நனைத்தவாறு வடக்கு நோக்கிச் செல்கிறது. மேற்சரிவில் சுருளி அருவியாய் விழுந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பிறந்த இடத்தில் பிரிந்த இவ்விரு நீரும் பள்ளத்தாக்குகளைக் கடந்தபின் ஒன்றாகி மதுரைக்குப் போகின்றன. உழவர்க்கு இம்மலை நீரைத் தந்தது. மருத்துவர்க்கு மூலிகையைத் தந்தது. தமிழிசைக்கு ஒரு நூலின் பெயரைத் தந்தது. அந்நூல் ‘கருணாமிர்த சாகரம்’. அதனை இயற்றியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தஞ்சை என்ற அடைமொழி அவர் வாழ்ந்த ஊரைக் குறிப்பது. பிறந்தது தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில், 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். கிறித்தவ நெறியைத் தழுவிய எளிய குடும்பம். சித்த மருத்துவ அறிவு அக்குடும்பத்தில் வழிவழி வந்ததொன்று. ஆயினும் இளமையில் அவர் மேற்கொண்டது ஆசிரியப் பயிற்சியே. அதற்காக அவர் சென்று சேர்ந்த ஊர் திண்டுக்கல்.

திண்டுக்கல்லில் ஒரு வயலின்

அந்நாளில் திண்டுக்கல்லும் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தன. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, பின் அங்கேயே பணியாற்றிய காலத்தில், ஆபிரகாமுக்கு இசையின்மேல் நாட்டம் மிகுந்தது. சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் அவர் வயலின் கற்றார்.

வயலின் தமிழ்நாட்டிற்கு வந்து அப்போது நூறாண்டுகூட நிறையவில்லை. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதனை நம் இசைக்குப் பழக்கியவர்கள் என்பது வரலாறு. அக்கருவியில் மெட்டு இல்லை. இன்ன சுரம் இன்ன இடத்தில் என்று காட்டும் கோடோ புள்ளியோ அதன் கழுத்தில் கிடையாது. விரல் ஒரு நூலிழை தவறினாலும் சுரம் பிசகும். அதனைத் திருத்த வல்லது செவி ஒன்றே. மெட்டுள்ள கருவியில் தொடங்குபவன் மெட்டை நம்புவான். வயலினில் தொடங்குபவன் தன் செவியையே நம்பவேண்டும். பின்னாளில் இந்த மனிதர் சுரங்களின் இடம் பற்றி எழுப்பிய வினாக்களுக்கெல்லாம் விதை, மெட்டில்லாத அந்தக் கருவியைக் கையில் எடுத்த நாளிலேயே விழுந்தது எனலாம்.

அவருடைய நாட்டம் இசையோடு நின்றுவிடவில்லை. அச்சுத்தொழில், புகைப்படக்கலை, சோதிடம் எனப் பலவற்றையும் அவர் பயின்றார். எதனையும் செய்து பார்த்தே அறியவேண்டும் என்னும் இயல்பு அவரிடம் தொடக்கமுதலே இருந்தது. அந்த இயல்பே மூலிகை தேடி மலையேறச் செய்தது.

சுருளி மலை

1870களின் பிற்பகுதி தென்னாட்டிற்குப் பொல்லாத காலம். 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் நெடுங்காலம் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்தது அதனையே. பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் வரத் தொடங்கியது 1895இல்தான். அதற்கு முந்திய கம்பம் பள்ளத்தாக்கு இன்று நாம் காணும் இருபோகப் பசுமை அன்று. சுருளிக்குப் போகும் வழியோ அடர்காடு. காய்ச்சலுக்கும் விலங்குக்கும் அஞ்சி, துணையின்றி எவரும் நடவாத வழி.

கயிலாசநாதர் குகையும் வேறு பல குகைகளும் உள்ள அம்மலையில் சித்தர்கள் வாழ்வதாக மக்கள் நம்பினர். அங்கேதான் ஆபிரகாம் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டார். மூலிகைகளின் இயல்பையும் மருந்து முடிக்கும் முறைகளையும் அவரிடம் கேட்டறிந்தார். ஆசிரியர் சைவச் சூழலில் வாழ்ந்த மலைத்துறவி. மாணவர் கிறித்தவ ஆசிரியர். சமயம் இருவருக்கும் இடையே சுவராக நிற்கவில்லை. தம் சமயப் பற்றைச் சிறிதும் தளர்த்தாமலே ஆபிரகாம் அத்துறவியை வாழ்நாள் முழுதும் குருவாகப் போற்றினார். பிற்காலத்தில் தம் மருந்துகளுக்கும் தோட்டத்திற்கும் நூலுக்கும் அப்பெயரையே சூட்டினார்.

மருந்து கற்கும் முறை ஒன்றை இங்கே நினைத்தல் தகும். மூலிகைக்கு ஏட்டில் ஒரு பெயர் இருக்கும். ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்கும். ஏட்டை எழுதியவர் பிழைத்தும் இருப்பார். இலையைக் கசக்கி முகர்ந்து, நாவில் வைத்துச் சுவைத்து, நோயாளியிடம் அதன் பயனைக் கண்ட பின்னரே மருத்துவன் ஏட்டுச் சொல்லை மெய்யெனக் கொள்வான். இந்த முறையைத்தான் அவர் சுருளியில் கற்றார். முப்பதாண்டுகள் கழித்து இசைநூல்களையும் அவர் இவ்வாறே சோதித்தார்.

தஞ்சையும் மருந்தும்

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பின் கணவன் மனைவி இருவரும் தஞ்சையில் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியராயினர். 1890இல் அப்பணியைத் துறந்து மருத்துவத்தையே முழுநேரத் தொழிலாக மேற்கொண்டார். கருணானந்தர் பெயரால் வெளிவந்த சஞ்சீவி மருந்துகள் நாட்டில் பரவின. கொள்ளைநோய்க் காலங்களில் அவற்றின் தேவை பன்மடங்கு பெருகியது. ஆசிரியர் ஆபிரகாம் பண்டிதர் ஆபிரகாம் ஆனார். தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்னும் பெருந்தோட்டத்தை உண்டாக்கி, மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். பண்டிதர் தோட்டம் என்று ஊரார் அதனை வழங்கினர். 1909இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

செல்வம் சேர்ந்த மருத்துவர் அச்செல்வத்தை நிலத்திலும் நகையிலும் இட்டு நிறைவுறுதல் உலக வழக்கம். பண்டிதர் தம் பொருளை ஒரு வினாவிற்காகச் செலவிட்டார்: ஒரு தந்தியில், கீழ்ச் சட்சத்திற்கும் மேல் சட்சத்திற்கும் இடையே, சுருதிகள் எத்தனை?

எழுந்த ஐயம்

புறத்தே நிற்பவர்க்கு இது சிறு வினாவாகத் தோன்றும். இசை அறிந்தார்க்கு இதுவே அடிப்படை. வழக்கிலுள்ள நூல்கள் 22 என்றன. பரதருடைய நாட்டிய சாத்திரம் இரண்டு வீணைகளை வைத்து, ஒன்றை நிலையாக நிறுத்தி, மற்றொன்றைச் சிறிது சிறிதாக இறக்கி 22 சுருதிகளைக் கணக்கிடும் முறையைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமும் 22 என்றே வகுத்தது. ஆனால் அந்த 22 எங்கெங்கே அமைகின்றன என்று கேட்டால், வித்துவான்களுள் இருவர் ஒருங்கே விடையளிக்கவில்லை. கணக்கிட்டவர்கள் தந்த அளவுகளும் ஒன்றுக்கொன்று முரணின. பாடுகின்றவர்கள் நன்றாகவே பாடினார்கள். பாடுவது இன்னதென்று சொல்லும்போதுதான் குழப்பம் நேர்ந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க, 1912ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைப் பண்டிதர் தோற்றுவித்தார். பல ஊர்களிலிருந்தும் இசைப்புலவர்களைத் தம் செலவில் வரவழைத்து, தொடர்ந்து சில ஆண்டுகள் மாநாடுகள் கூட்டினார். பாடுவோரும் இலக்கணம் கூறுவோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, சொல்லியதைக் கருவியில் காட்டும்படி கேட்கப்பட்டனர். கருவியில் காட்டு என்பது எளிய வேண்டுகோள்தான். ஆயினும் ஏட்டை மட்டும் நம்பியிருந்தவர்க்கு அதனினும் கடிய தேர்வு வேறில்லை.

வீணையின் மெட்டுகள்

அத்தேர்வுக்குரிய கருவி தஞ்சையிலேயே இருந்தது. வீணை செய்வதில் தஞ்சைக்கு நிகரான ஊர் இல்லை. புது வீணை வாங்கச் செல்வோர் அந்நாளிலும் இந்நாளிலும் முதலில் பார்ப்பது மரத்தை. முற்றிய பலாமரம் வேண்டும். நன்கு உலர்ந்திருக்க வேண்டும். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணை கிடைத்தால் மதிப்பு மிகுதி. விரலால் குடத்தைத் தட்டினால் எழும் ஒலி சட்டென்று மடியாமல் உள்ளே சுழன்று அடங்கவேண்டும். பிறகு பிரடைகள் வழுக்காமல் நிற்கின்றனவா என்று முறுக்கிப் பார்ப்பர். குதிரையில் தந்தி படியும் பாங்கைப் பார்ப்பர். சாரணித் தந்தியை மீட்டி, அதன் நாதம் எவ்வளவு நேரம் நீள்கிறதென்று கண்மூடிக் கேட்பர். வீட்டுக்குக் கொண்டுவந்த புது வீணையை இரவெல்லாம் மடியை விட்டு இறக்க மனம் வராமல் மீட்டிக்கொண்டிருக்கும் மகிழ்ச்சியை, அதனைத் துய்த்தவரே அறிவர்.

ஆனால் வீணையில் மரத்தைவிட நுட்பமானது மெட்டு. 24 மெட்டுகள், ஒரு தானத்திற்கு 12 வீதம் இரண்டு தானங்களுக்கு. தேன்மெழுகில் கரி சேர்த்து இறுக்கிய படுகையின்மேல் அவை பதிக்கப்படுகின்றன. பதிப்பவர் அளவுகோலைக் காட்டிலும் செவியையே நம்புவார். மெழுகு வெப்பத்தில் இளகும். நாளடைவில் மெட்டு நகரும். மறுபடியும் மெழுகு உருக்கிச் சுரம் சேர்க்கவேண்டும். ஆகவே வீணையின் மெட்டு ஒவ்வொன்றும் வல்லுநர் ஒருவரின் செவி தந்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு ஒரு தானத்தைப் பன்னிரண்டாகத்தான் பகுக்கிறது. 22 என்று கூறும் நூலை வாயால் ஒப்பியவரும், மடியில் 12 மெட்டுகளையே வைத்து வாசித்தனர். பண்டிதரின் கண்ணில் பட்ட முரண் இதுவே.

பன்னிரண்டு வீடுகள்

விடை தேடி அவர் சென்ற இடம் சிலப்பதிகாரம். உ. வே. சாமிநாதையர் 1892இல் அதனை உரையோடு பதிப்பித்திருந்தார். அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் அவற்றின் உரைகளும் பண்டை இசையிலக்கணத்தின் சிதறல்களைக் காத்து வைத்திருந்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் வட்டமாக வரைந்த பன்னிரு இராசிகளில் நிறுத்தப்பட்ட முறையை அங்கே அவர் கண்டார். சோதிடம் பயின்றிருந்த அவருக்கு அந்த வட்டம் பழகிய வட்டமே.

பழந்தமிழில் நரம்பு என்ற சொல் யாழில் கட்டிய தந்தியையும் அதிற் பிறக்கும் சுரத்தையும் ஒருங்கே குறித்தது. நின்ற நரம்பிற்கு ஐந்தாம் நரம்பு கிளை; நான்காம் நரம்பு நட்பு. குரலிலிருந்து இளி, இளியிலிருந்து அதன் இளி என்று, ஐந்தாம் நரம்பாகவே தாவித் தாவிச் சென்றால் பன்னிரண்டு வீடுகளையும் தொட்டுப் புறப்பட்ட இடத்திற்கே மீளலாம். இளங்கோவடிகள் காலத்துப் பாணர் பண் வளர்த்த முறை இதுவே என்று பண்டிதர் துணிந்தார்.

இங்கேதான் ஓர் இடர் குறுக்கிட்டது. செவிக்கு முழு இன்பம் தரும் இளி, தந்தியின் மூன்றில் இரண்டு பங்கில் பிறப்பது. 32 அங்குலத் தந்தி எனக் கொண்டால் 21.33 அங்குலத்தில். ஆனால் அந்த அளவிலேயே பன்னிரண்டு முறை தாவினால் வட்டம் மூடுவதில்லை. புறப்பட்ட 32 அங்குலத்திற்கு மீள்வதற்குப் பதிலாக 31.57 அங்குலத்தில் போய் நிற்கிறது. அரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த இந்த இடைவெளி உலகமெங்கும் இசைக்கணிதரை அலைக்கழித்த ஒன்று. சீனத்தில் 1584இல் இளவரசர் சூ சைய்யூ இதனைக் கணக்கிட்டுத் தீர்த்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1581இல், இத்தாலியில் வின்சென்சோ கலிலி நரம்புக் கருவிக்கு மெட்டுப் பதிக்கப் பதினெட்டில் ஒரு பங்கு என்ற எளிய விதியை வகுத்தார்.

பண்டிதர் கண்ட தீர்வும் அதுவே. பன்னிரண்டு படிகளும் ஒன்றுக்கொன்று ஒரே விகிதத்தில் அமையவேண்டும். அவ்வாறு கொண்டால் 32 அங்குலத் தந்தியில் இளி 21.36 அங்குலத்தில் அமையும். செவி விரும்பும் இளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மயிரிழை. அந்த மயிரிழையை விட்டுக்கொடுத்தால் வட்டம் பிசகின்றி மூடும். இப்பன்னிரண்டையும் ஆயப்பாலை என்றார். ஒவ்வொரு படியையும் இரண்டாக்கினால் வரும் 24 அலகு வட்டப்பாலை; மேலும் நுணுக்கினால் 48 திரிகோணப்பாலை; 96 சதுரப்பாலை.

22 என்ற எண் எப்படி வந்தது என்பதற்கும் அவர் காரணம் காட்டினார். உரைகளில் ஏழு நரம்புகளுக்கும் கூறிய அலகுகள் 4, 4, 3, 2, 4, 3, 2, கூட்டினால் 22. கைக்கிளைக்கும் விளரிக்கும் இயல்பான அலகு நான்கே என்றும், பண் பாடுங்கால் அவ்விரண்டும் ஒவ்வோர் அலகு குறைந்து ஒலிக்கும் என்றும், அக்குறைவையே மொத்த எண்ணிக்கையாகப் பின்வந்த வடநூலார் மயங்கிக் கொண்டனர் என்றும் அவர் வாதிட்டார். குறைந்த இரண்டையும் சேர்த்தால் 24. பல நூற்றாண்டுகளாக ஐயமின்றி ஓதப்பட்ட எண்ணை, தமிழ் உரையொன்றின் வரிகளைக் கொண்டே அசைத்துப் பார்த்த துணிவு இது.

பரோடா மேடையில்

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில், பரோடாவில் முதலாவது அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. மாநாட்டைக் கூட்டுவதில் பாத்கண்டே முன்னின்றார். 22 சுருதிக் கொள்கைக்கு அப்போது புதிய ஆதரவு எழுந்திருந்த நேரம். தேவால், கிளெமென்ட்சு முதலியோர் அச்சுருதிகளுக்கு ஏற்ப ஆர்மோனியம் அமைக்கவும் முனைந்திருந்தனர்.

அவ்வவையில் பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைத்தார். உரையாடலோடு விடவில்லை. அவருடைய மகள் மரகதவல்லி பாடியும் வீணையில் இசைத்தும் அந்த அலகுகளைச் செவிக்குக் காட்டினார். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த நாளில், குடும்பப் பெண்ணொருவர் நாட்டின் பெரும் இசைப்புலவர்கள் முன்னிலையில் ஆராய்ச்சிக்குச் சான்றாக வீணை மீட்டினார். தந்தையின் கணக்கை மகளின் விரல்கள் மெய்ப்பித்த காட்சி அது. அவையினர் அனைவரும் உடன்பட்டனர் என்று கூறுதற்கில்லை. ஆயினும் தெற்கிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர், வடமொழி நூல்கள் காணாத ஒரு சான்றுத்தொகுதியைத் தமிழில் உண்டென்று காட்டினார் என்பதை எவரும் மறுக்க இயலவில்லை.

அடுத்த ஆண்டு, 1917இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். தம் சொந்த அச்சகத்திலேயே அதனை அச்சிட்டார். இளமையில் கற்ற அச்சுத்தொழில் அன்று கைகொடுத்தது. அட்டவணை அட்டவணையாகத் தந்தியளவுகளும் அதிர்வெண்களும் நிறைந்த அத்தகைய நூலை வேறோர் அச்சகம் ஏற்றிருக்குமா என்பது ஐயமே. நூலின் பெயரில் சுருளிமலைத் துறவியின் பெயர் நின்றது.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அறுபது நிறைந்த சில வாரங்களில், பண்டிதர் காலமானார். இராகங்களைப் பற்றி அவர் ஆராய்ந்து வைத்திருந்த பகுதி உடனே வெளிவரவில்லை. பரோடாவில் வீணை மீட்டிய மரகதவல்லியே அதனை 1946இல் கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகமாக வெளியிட்டார். இடையே 27 ஆண்டுகள். அதற்குள் தமிழிசை இயக்கம் எழுந்து, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் தோன்றிவிட்டது. தமிழுக்கு இசையிலக்கணம் உண்டா என்று எவரும் கேளாத நாளில் தனியொருவராய் அதனைத் தேடியவர், அவ்வினா நாடு முழுதும் எழுந்தபோது உயிரோடில்லை.

கணக்கும் செவியும்

பண்டிதர் கூறியவை அனைத்தும் முடிந்த முடிபென்று கொள்வது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. சோதிக்காமல் ஏற்பதை அவரே விரும்பாதவர். சம அளவுப் பகுப்பை இளங்கோவடிகள் காலத்திற்கே ஏற்றுவதைப் பின்வந்த ஆய்வாளர் பலர் ஒப்பவில்லை. 1947இல் யாழ்நூல் அளித்த விபுலாநந்த அடிகள் அதே சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, 22 அலகின் வழியிலேயே சென்றார். குரல் என்பது எந்தச் சுரம் என்பதிலும் இருவர்க்கும் கருத்து வேறுபாடு உண்டு.

அதனினும் வலிய மறுப்பு தம்புராவிலிருந்தே எழுகிறது. நன்கு சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டினால், எவரும் தொடாமலே ஒரு காந்தாரம் அதனுள்ளிருந்து பிறக்கும். சுயம்பு காந்தாரம் என்று பாடகர் போற்றும் அது, தந்தியின் ஐந்தில் நான்கு பங்கிற்குரியது. 32 அங்குலத்தில் 25.6. சமப் பகுப்பின் அந்தர காந்தாரமோ 25.4இல் நிற்கிறது. ஐந்தில் ஓர் அங்குல வேறுபாடு. இளியில் மயிரிழையாக இருந்தது காந்தாரத்தில் கண்ணுக்கே தெரிகிறது. கமகத்தோடு பாடும் நம் இசை எந்தப் புள்ளியிலும் அசையாது நிற்பதுமில்லை. செவியை நம்பிப் புறப்பட்ட பண்டிதர், வட்டத்தை மூடுவதற்காக ஓரிடத்தில் செவியை விட்டுக் கணக்கின் கையைப் பற்றினார் என்பதே நேர்மையான மதிப்பீடாகும்.

இந்த விட்டுக்கொடுத்தல் எவ்வளவு பயனுடையது, எவ்வளவு விலையுடையது என்பதை இன்று கிதார் வாங்கச் செல்லும் எந்த இளைஞனும் தன் கையாலேயே அறியலாம். பன்னிரு தந்திக் கிதாரை எடுத்துக்கொள்வோம். தந்திகள் இரட்டை இரட்டையாக ஆறு இணைகள். தடித்த நான்கு இணைகளில் ஒவ்வொரு தந்தியோடும் அதன் மேல்தானத் தந்தி சேர்ந்து நிற்கும். மெல்லிய இரண்டு இணைகளும் ஒத்த ஒலியுடையவை. பன்னிரண்டு தந்திகளின் இழுவையைத் தாங்கவேண்டியிருப்பதால், கழுத்து வளையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அடுத்து, பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி, பின் அதே மெட்டில் அழுத்தி மீட்டிப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் மெட்டுகளின் கணக்குச் சரி. சரிபாதித் தந்தியில் மேல் குரல் பிறக்கிறது. இடையே பன்னிரண்டு சமப் படிகள். பண்டிதர் ஆயப்பாலை என்றழைத்த பகுப்பு அந்தக் கழுத்தில் உலோகக் கம்பிகளாகப் பதிந்து கிடக்கிறது.

அச்சமப் படிகளால் எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் அந்தக் கிதார் ஒருபடித்தாகவே ஒலிக்கும். இது கணக்கின் வெற்றி. ஆனால் அக்கருவியை வாங்கியவன் அதன்மேல் காதல் கொள்வதற்குக் காரணம் வேறு. இணைத் தந்திகள் இரண்டும் ஒருபோதும் முற்றிலும் ஒன்றாக நிற்பதில்லை. எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் மயிரிழை வேறுபாடு எஞ்சும். அந்த வேறுபாட்டிலிருந்து எழும் விம்மலே பன்னிரு தந்திக் கிதாருக்குரிய மினுமினுப்பு. அருவிச் சாரல்போல் ஒலி சிதறிப் பரவுவது அதனாலேயே. வட்டத்தை மூடப் பண்டிதர் நீக்கிய அந்தச் சிறு இடைவெளி, இனிமையாக மாறி இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. செவிக்கும் கணக்கிற்கும் இடையிலான வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரே கருவிக்குள் இரண்டும் குடியிருக்கப் பழகிக்கொண்டன.

சுருளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா கிதாரை முறையாகப் பயின்று, 1976 முதல் தமிழ்த் திரையிசையில் அதற்கு நிலையானதோர் இடம் தந்தார். பள்ளத்தாக்கின் நாட்டுப்பாடல் மெட்டும் கிதாரின் பன்னிரு சமப் படிகளும் ஒரே பாட்டில் இணைந்து செல்லக் கூடியவை என்பதைக் கேட்டவர் அனைவரும் உணர்ந்தனர். அதற்கு அறுபதாண்டுகள் முன்னரே, நம் பண்ணும் மேனாட்டார் இசையும் ஒரே பன்னிரு வீடுகளில் குடியிருப்பவை என்று எழுதி வைத்தவர் ஆபிரகாம் பண்டிதர்.

அவருடைய எண்களைப் பிற்காலம் திருத்தலாம், திருத்தியும் வருகிறது. அவர் விட்டுச் சென்ற முறைக்கோ திருத்தம் வேண்டியதில்லை. ஏட்டில் கண்டதைக் கருவியில் கேட்டுப் பார். கருவியில் கேட்டதை ஏட்டில் எழுதி வை. ஐயம் எழுந்தால் பொருளையும் காலத்தையும் கணக்கிடாமல் தேடு என்பதே அம்முறை. சுருளியில் மூலிகை தேடியவர்க்கு மலை கற்பித்தது அது. வருசநாட்டு மலையின் மேற்சரிவில் அருவி இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் ஓசையில் எத்தனை சுருதிகள் என்று கேட்டு நின்ற ஓர் இளம் ஆசிரியரின் நினைவைத் தமிழிசை உள்ளளவும் அம்மலை தாங்கி நிற்கும்.